தோட்டத்துக்கு முன்னாடி லோகோவா? கொஞ்சம் கணக்குப் போடுங்க

ஆஃபீஸ் நண்பர்கள் பத்து பேர் சேர்ந்து, ஏரியால சும்மா கிடக்கிற மனையில சமூகத் தோட்டம் போட ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. வாட்ஸ்அப் குரூப்ல முதல் சண்டை மண்ணைப் பத்தி வராது. "லோகோ யார் பண்றது, டி-ஷர்ட் என்ன கலர்?" இதுதான் வரும்.

அது வெட்டிப் பேச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் 1973-ல் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் குப்பை மண்டின ஒரு காலி மனையைத் தோட்டமாக்கினாங்க. குழுவுக்கு வெச்ச பேர் 'கிரீன் கெரில்லாஸ்'. ஒரு தடவை கேட்டா மறக்காது. அடுத்த வருஷமே நகர நிர்வாகம் அந்த இடத்தை மாசம் 1 டாலர் வாடகைக்குக் கொடுத்தது. 1999-ல் அதே நகரம் 100-க்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடப் போனப்ப, நடிகை பெட் மிட்லர் தொடங்கின அமைப்பும் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்டும் சுமார் 42 லட்சம் டாலர் போட்டு வாங்கிக் காப்பாத்தினாங்க. யாருக்குமே தெரியாத தோட்டமா இருந்திருந்தா அவ்வளவு பணம் வந்திருக்குமா?

ஆனா நம்ம கையில இருக்கிறது 1 லட்சம்தான். ஒரு ஏஜென்சி லோகோ, போஸ்டர், சோஷியல் மீடியா டிசைன் எல்லாம் சேர்த்து 40,000 கேட்கிறாங்க. 18% ஜிஎஸ்டி சேர்ந்தா 47,200. நன்கொடையில மட்டும் ஓடுற டிரஸ்ட்டுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, அந்த 7,200 போனது போனதுதான். மீதி 52,800-ல வேலி, தண்ணி, மண், விதை எல்லாம். வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத, ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஃப்ரீலான்ஸரைப் பிடிச்சா அந்த வரி மிச்சம். அவருக்கு ஒரே நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல கேஷா கொடுத்துடாதீங்க. வரிக் கணக்குல அது டிரஸ்ட்டோட செலவா ஏறாது.

"நானே ஃப்ரீயா பண்ணித் தரேன், 40,000-க்கு 80ஜி ரசீது போட்டுக் கொடுங்க"ன்னு கேட்கிற நண்பர் கண்டிப்பா ஒருத்தர் இருப்பார். அது செல்லாதுங்க. பணமா கொடுத்தா மட்டும்தான் 80ஜி. உழைப்புக்கும் பொருளுக்கும் கிடையாது. அவர்கிட்ட நீங்க வாங்க வேண்டியது வேற ஒண்ணு: லோகோவோட காப்புரிமையை டிரஸ்ட்டுக்கு எழுத்துல மாத்திக் கொடுக்கிற ஒரு பக்கக் கடிதம். அதுல காலத்தையும் குறிப்பிடுங்க. விட்டுட்டா சட்டப்படி 5 வருஷம்தான்.

போஸ்டர் வாசகத்துக்கு வருவோம். "நன்கொடைக்கு 100% வரி விலக்கு"ன்னு நிறைய பேர் அச்சடிக்கிறாங்க. எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இந்த மாதிரி டிரஸ்ட்டுகளுக்கு 50% கழிவுதான், அதுவும் மொத்த வருமானத்துல 10% வரம்புக்குள்ள. 2025-26 நிதியாண்டுல பழைய வரி முறையில 20% ஸ்லாப்ல இருக்கிறவர் 10,000 கொடுத்தா, 5,000 கழிவு, செஸ்ஸோட சேர்த்து மிச்சம் 1,040 ரூபாய். புதிய வரி முறையில இருந்தா பூஜ்யம். உங்க ஆஃபீஸ்ல பாதிப் பேருக்கு மேல அதுலதான் இருப்பாங்க. 2,000 ரூபாய்க்கு மேல கேஷா கொடுத்தாலும் பூஜ்யம்தான்.

அதனால போஸ்டர்ல பான் எண், 80ஜி அனுமதி எண், அது எந்தத் தேதி வரை செல்லும், ஃபார்ம் 10பிஇ சான்றிதழ் எப்ப வரும்னு நாலு வரி போடச் சொல்லுங்க. புது டிரஸ்ட்டுக்குக் கிடைக்கிற தற்காலிக அனுமதி 3 வருஷம்தான், அதனால 5,000 போஸ்டரை மொத்தமா அடிச்சு வெச்சுக்காதீங்க.