கடை இருக்கிறது, திறப்பு யாரிடம்?

"தம்பி, கடையைக் கட்டித் தந்தவை. திறப்பைத் தரேல்லை."

கிளிநொச்சி மாவட்டத்தில் பனையோலைக் கூடைகளும் ஒடியல் மாவும் விற்கும் பெண்கள் குழுவொன்றின் தலைவி என்னிடம் சொன்னது இது. அவர் சொன்னது இணையக் கடையை. ஒரு திட்டத்தின் கீழ் அதை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். திட்டம் முடிந்த பிறகு தளத்தின் பெயருக்கான வருடக் கட்டணம் கட்டப்படவில்லை. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எல்லாம், வேலையை விட்டுப்போன ஓர் உத்தியோகத்தரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் தளம் இல்லை. கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வாங்கியவர்களின் விபரங்களும் அதோடு போய்விட்டன.

குழுவில் ஆறு பேர். நாலு பேர் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். இடப்பெயர்வில் வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் மட்டும் பையில் கட்டிக்கொண்டு வந்தவர்கள். பத்திரம் கையில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இணையக் கடைக்கும் பத்திரம் உண்டு என்பதைத்தான் ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

"இனி எந்த மென்பொருள் நல்லது?" என்று அக்கா கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. எங்களில் அநேகர் முதலில் தளத்தின் அழகைப் பார்த்துவிட்டு, காசு எந்த வழியால் வரும் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். அது தலைகீழ். பேபால் கணக்கை இலங்கையில் திறந்து பொருள் வாங்கலாம். விற்ற காசைப் பெறும் வசதி நீண்ட காலமாகவே இங்கு இல்லை. வெளிநாட்டு வழிகாட்டிகள் முதலில் சொல்லும் ஸ்ட்ரைப்பும் இங்கு இயங்குவதில்லை. மிஞ்சுவது பேஹியர் போன்ற உள்ளூர்க் கொடுப்பனவுச் சேவைகளும் வங்கிகளின் கொடுப்பனவு வசதிகளும்தான். ஆகவே முதல் கேள்வி, இவற்றில் ஒன்று அந்த மென்பொருளோடு இணையுமா என்பதே.

அந்தச் சேவைகள் வியாபாரப் பதிவையும் வங்கிக் கணக்கையும் கேட்கும். பதிவைப் பிரதேச செயலகத்தில் செய்யலாம். ஆனால் பதிவிலும் கணக்கிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். முதலெழுத்து ஒன்று மாறினாலோ, ஆங்கில எழுத்துக்கூட்டல் பிசகினாலோ விண்ணப்பம் திரும்பி வரும். கணவரின் பெயரில் பதிவை வைத்துக்கொண்டு அவர் எங்கே என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. மென்பொருள் தேடுவதற்கு முன்னர் இதை முடியுங்கள்.

இனி மென்பொருளுக்கு வருவோம். கனடிய நிறுவனமான ஷொப்பிஃபையில் அரை நாளில் கடை திறக்கலாம்; பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் அவர்கள் பாடு. ஆனால் வாடகை டொலரில், மாதந்தோறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனது. ஒரு கூடை கூடுதலாக விற்காமலே வாடகை ஏறக்குறைய இரட்டிப்பாகும் கடையை ஓலை பின்னுபவர் தாங்க மாட்டார். பொருட்பட்டியலைக் கோப்பாக இறக்கி எடுக்கலாம், ஆனால் கடையை அப்படியே தூக்கிக்கொண்டு வேறிடம் போக முடியாது.

வேர்ட்பிரஸ் தளத்தில் இயங்கும் வூகொமர்ஸ், ஓப்பன்கார்ட் இரண்டும் இலவசம். தளப் பெயருக்கும் தளத்தை வைக்கும் வழங்கி இடத்துக்கும் வருடாந்தம் கட்டினால் போதும். வழங்கி நிறுவனம் சரியில்லாவிட்டால் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்து வேறொன்றில் போடலாம். நிறை பார்த்து அனுப்புகூலி கணக்கிடும் வசதி ஓப்பன்கார்ட்டிலேயே உண்டு. வூகொமர்ஸில் அதற்குத் தனிச் செருகி வேண்டும். ஆனாலும் நான் வூகொமர்ஸைத்தான் சொன்னேன். வேர்ட்பிரஸ் தெரிந்த பிள்ளைகளை யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் தேடிப் பிடிக்கலாம். இன்றைக்குச் செய்து தருபவர் நாளைக்கு வெளிநாடு போய்விட்டால் இன்னொருவர் தொடரலாம். ஒன்று மட்டும்: அதை இற்றைப்படுத்தாமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். இலவசம் என்பதற்காகப் பூட்டாமல் விட முடியாது.

மாதத்துக்கு நாலைந்து கட்டளைகள்தான் என்றால் இது ஒன்றும் வேண்டாம். வட்ஸ்அப்பும் முகநூல் பக்கமும் போதும். இதைச் சொன்னால் தளம் செய்து கொடுப்பவர்களுக்குக் கோபம் வரும்.

எங்களுடைய கடைகளுக்கு வரும் கட்டளைகளில் ஒரு விசேடம் உண்டு. மகன் இலண்டனில் காசு கட்டுவார், பொருள் போவது தருமபுரத்தில் இருக்கும் அம்மாவுக்கு. ஆகவே பணம் கட்டுபவரின் முகவரியும் பொருள் சேரும் முகவரியும் வேறுவேறாகக் கொடுக்க வழி இருக்க வேண்டும், வூகொமர்ஸில் உண்டு. வன்னியில் பல வீடுகளுக்கு இலக்கம் இல்லை, 'வாசிகசாலைக்குப் பின்பக்கம்' என்பதுதான் முகவரி. அஞ்சற் குறியீட்டைக் கட்டாயமாக்காதீர்கள். பெறுபவரின் தொலைபேசி இலக்கத்தைக் கட்டாயமாக்குங்கள்.

பழைய தளத்தில் பொருட்களின் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். தொலைபேசியில் பார்த்தவருக்கு ஒடியல் மா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்திருக்கும். ஒருங்குறியில்தான் எழுத வேண்டும். பாமினி விசைப்பலகைப் பழக்கத்தோடேயே ஒருங்குறியில் தட்ட வழி இருக்கிறது. படங்களையும் சுருக்கிப் போடுங்கள். டேட்டா முடியப்போகும் தொலைபேசியில் பெரிய படம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

இந்த முறை தளப் பெயரை அக்காவின் பெயரிலேயே பதிந்தோம். புதிதாகத் திறந்த குழுவின் மின்னஞ்சலைக் கொடுத்து, கடவுச்சொற்களையும் கட்டணம் கட்டும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதினோம். மாதத்தில் ஒருநாள் கட்டளைகளையும் வாடிக்கையாளர் விபரத்தையும் இறக்கிப் பென் டிரைவில் போடுவது குழுவில் இளையவரின் பொறுப்பு.

கடை திறப்பதற்கு முன்னர் நானே என் அட்டையால் ஒரு சிறிய கூடை வாங்கிப் பார்த்தேன். கட்டளை வந்தது, குறுஞ்செய்தி வரவில்லை. அதைத் திருத்த இன்னும் ஒரு பின்னேரம் போனது. அக்கா அந்தக் கூடையை உண்மையாகவே பொதி செய்து எனக்கு அனுப்பிவிட்டார். கூரியர் காசு தன்னுடையதாம்.