ஆர்டர் வந்தும் குழந்தைக்குப் பணம் வரலையா? ஜீவனாம்ச வழக்கில் நீங்கள் தெரிந்திருக்க வேண்டிய 7 வார்த்தைகள்

'கோர்ட் ஆர்டர் கைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஒரு ரூபாய்கூட வரலை.' உங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் இப்படிச் சொன்னால், நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'நிறைவேற்று மனு போட்டாச்சா?'

பலரும் நினைப்பது போல ஆர்டர் வந்த பிறகு எல்லாம் தானாக நடக்காது. அமெரிக்காவில் குழந்தைக்கான தொகையை வசூலிக்க அரசு அலுவலகங்களே இருக்கின்றன. சம்பளத்தில் பிடிக்கிறார்கள்; நிலுவை 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டே மறுக்கப்படலாம். இந்தியாவில் அப்படி ஒரு தனி அலுவலகம் கிடையாது. பணம் வராவிட்டால் நாம்தான் மறுபடியும் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே காதில் விழும் வார்த்தைகள் இவை.

1. பராமரிப்புத் தொகை

பேச்சு வழக்கில் ஜீவனாம்சம். 'ஒன் ட்வென்டி ஃபைவ் கேஸ்' என்று வக்கீல்கள் சொல்வது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவை. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. மதம் எதுவானாலும் பொருந்தும். பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்றும் இல்லை, குழந்தைக்கு உரிமை உண்டு. அம்மா சம்பாதிக்கிறார் என்பதால் அப்பாவின் பொறுப்பு போய்விடாது. செலவை வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் இருவரும் பகிரலாம்.

2. இடைக்காலத் தொகை

வழக்கு முடியும்வரை ஸ்கூல் ஃபீஸ் காத்திருக்காது இல்லையா? அதற்காகத்தான் இது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து, முடிந்தவரை 60 நாட்களுக்குள் இந்த மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

3. சொத்து விவர அபிடவிட்

வருமானம், கடன், சொத்து எல்லாவற்றையும் இரு தரப்பும் சத்தியப் பிரமாணமாகத் தாக்கல் செய்வது. 2020 நவம்பர் 4 அன்று, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. தொகையை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றதும் அதே தீர்ப்புதான்.

4. நிலுவை

கட்டாமல் விட்ட மாதங்களின் மொத்தம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வசூல் வாரண்ட் கேட்டு, ஒவ்வொரு மாதத் தொகையும் கட்ட வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். மாதம் 10,000 ரூபாய், 2024 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு 5-ம் தேதியும் கட்ட வேண்டும். எதுவும் வரவில்லை. நீங்கள் 2025 டிசம்பர் 10-ல் மனு போடுகிறீர்கள். மொத்த நிலுவை 17 மாதம், 1,70,000 ரூபாய். வாரண்ட் வழியில் கேட்க முடிவது கடைசி 12 மாதம், 1,20,000 மட்டும். மீதி 50,000 ரூபாய் இந்த வழியில் கிடைக்காது. ஆனால் அந்தக் கடன் அழிந்துவிடுவதில்லை. சிவில் வழியில் கேட்கலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு இன்னொரு அலைச்சல், அவ்வளவுதான்.

5. டிஸ்ட்ரஸ் வாரண்ட்

அபராதத்தை வசூலிப்பது போலவே நிலுவையை வசூலிக்கும் உத்தரவு. பொருட்களை ஜப்தி செய்து விற்கலாம். அதன் பிறகும் பாக்கி இருந்தால், செலுத்தாத ஒவ்வொரு மாதத்துக்கும் 1 மாதம் வரை சிறை விதிக்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் உண்டு. நடுவில் பணத்தைக் கட்டினால் விடுதலை. ஜெயிலுக்குப் போய் வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழி. அது ரசீது ஆகாது.

6. சம்பள ஜப்தி

மாதச் சம்பளக்காரர் என்றால் இது பலமான ஆயுதம். சாதாரணக் கடன் வழக்குகளில் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தொட முடியாது. பராமரிப்பு டிக்ரி என்றால் நிலைமை தலைகீழ்: மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உத்தரவு வாங்கியிருந்தால், நேரடியாகக் கொடுக்கும்படி கம்பெனிக்கே மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம்.

7. மாற்றக் கோரும் மனு

இது இரு தரப்புக்கும். வேலை போய்விட்டதா? நீங்களாகவே தொகையைக் குறைக்காதீர்கள். 146-வது பிரிவில் மனு போடுங்கள். அதுவரை ஒவ்வொரு மாதமும் நிலுவை ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஃபீஸ் கூடிவிட்டதா? அதே பிரிவில் கூடுதல் தொகையும் கேட்கலாம்.

அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால்?

கவலை வேண்டாம். அவர் இருக்கும் ஊரின் மாஜிஸ்ட்ரேட்டே உங்கள் ஆர்டரை நிறைவேற்றலாம் என்கிறது 147-வது பிரிவு. சென்னை ஆர்டருக்குப் பெங்களூருவிலும் உயிர் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது என்ன?

ஆர்டரின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொகை வரவேண்டிய தேதி, வந்த தேதி, பாக்கி என்று மூன்று காலத்தில் ஒரு ஷீட் போடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள். பணம் வராத முதல் மாதத் தேதிக்கு நேராக, 11 மாதம் தள்ளி மொபைலில் ஒரு ரிமைண்டர் வையுங்கள். அதற்கு முன்பே வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச வக்கீல் கிடைப்பார்.