டேனிஷ் பெட்டகமும் நீர்வர்ணமும்

பதினெட்டாம் நூற்றாண்டு டென்மார்க்கிலே குடியானவர் வீட்டுப் பெண் விவாகமாகிக் கணவன் வீடு செல்லும்போது, நூற்றும் நெய்தும் தைத்தும் சேர்த்துவைத்த துணிமணிகளைத் தன்னுள் அடக்கிக்கொண்டு அவளுடன் வண்டியேறிச் சென்றது ஒரு மரப்பெட்டகம். உட்புறத்தில் ஓர் ஓரமாக, காசும் நகையும் வைப்பதற்கென்று மூடியுடன் கூடிய சிற்றறை ஒன்று இருக்கும். முகப்பிலே பூக்கொத்துக்களும், வருஷமும், சொந்தக்காரியின் பெயரெழுத்துக்களும் தீட்டப்பட்டிருக்கும். நீல்ஸ் என்பவரின் மகள் காரென் என்றால் கே. என். டி. என மூன்றெழுத்து: முதலது அவள் பெயர், அடுத்தது தகப்பனார் பெயர், கடைசி எழுத்து மகள் என்பதற்கு. தகப்பனாரை இனிஷியலாகச் சுமந்து திரியும் நமக்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

கோபன்ஹேகனில் டிவோலி கேளிக்கைத் தோட்டத்தை நிர்வகித்து வந்தவரும், தாமே சித்திரம் வரையவல்லவருமான பெர்ன்ஹார்ட் ஓல்ஸன், கிராமத்துச் சாமான்களைத் திரட்டி 1885-இல் ஒரு பொருட்காட்சிசாலை திறந்தார். 1897-இல் பழைய வீடுகளையே பெயர்த்தெடுத்து நிறுத்தலானார். அந்தத் திறந்தவெளிக் காட்சிசாலை 1901-இல் லிங்பிக்கு இடம் மாறியது.

அக்காலத்தில் ஒரு பெட்டகத்தின் வர்ணங்களை உள்ளபடி பதிவு செய்யத் தூரிகையை விட்டால் வேறு சாதனமில்லை. அன்றைய சாதாரணப் புகைப்படத் தகடு நீல ஒளியை மிகையாகவும் சிவப்பை அநேகமாக இல்லையென்றும் கொண்டதால், நீலப் பலகையில் சிவந்த பூக்கள் எழுதிய பெட்டகம் அதிலே வெளிறிய பரப்பில் கருந்திட்டுக்களாகவே விழும். நீர்வர்ணத்தில் இந்த அநியாயம் இல்லை. நுண்ணிதாக அரைத்த வர்ணப்பொடியை வேலம்பிசினுடன் குழைத்து நீரில் கரைத்துத் தீட்டும்போது, ஒளி அந்த மெல்லிய சாயத்தை ஊடுருவி வெண்காகிதத்திற் பட்டு மீள்கிறது. ஆகவே பூட்டுத்தகட்டின் மினுக்கத்தைக் காட்ட வேண்டுமாயின் சித்திரகாரர் அவ்விடத்தை வெறுமனே விட்டுவிட்டால் போதும். இளஞ்சாயத்தை முதலிற் பரப்பி, அது உலர்ந்தபின் மர ரேகைகளை ஒவ்வொன்றாக இழுத்து, மூடியின் விளிம்பிலே தலைமுறை தலைமுறையாகக் கைபட்டுச் சாயம் தேய்ந்த இடத்தையும் அவர் காட்டிவிடலாம். அந்தத் தேய்மானத்தை அழகு கருதிச் செப்பனிட்டு வரைபவர் நல்ல ஓவியராக இருக்கலாம். நல்ல சாட்சி அல்லர்.

வண்ணப் பிலிம் வந்த பிறகும் இம்முறை ஒழியவில்லை. அமெரிக்க அரசாங்கம் 1935 முதல் 1942 வரை, வேலையிழந்த ஓவியர்களைக் கொண்டு நாட்டுக் கைவினைப் பொருள்களை, ஜெர்மானியக் குடியேறிகளின் பூ வரைந்த பெட்டகங்கள் உள்பட, சுமார் 18,000 சித்திரங்களாக எழுதுவித்தது. இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலுள்ள அவற்றுட் பெரும்பாலானவை நீர்வர்ணமே.