மாணவர் கட்டும் டிராக்டர் உழவருக்குக் கற்றுத்தரும் பாடம்

"என்னுடையதும் 35 குதிரைசக்தி டிராக்டர். பக்கத்து வயல்காரருடையதும் 35 குதிரைசக்தி. ஒன்பது கொத்துக் கலப்பையை அவர் வண்டி சிரமமின்றி இழுக்கிறது. என் வண்டியின் சக்கரமோ நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. எஞ்சினில் கோளாறா?" என்று உழவர் பெருமக்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் கோளாறு எஞ்சினில் இருப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதை, அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கென நடைபெறும் ஒரு போட்டியைக் கொண்டு விளக்கலாம்.

கால் அளவு டிராக்டர்

அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் 1998-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கான டிராக்டர் வடிவமைப்புப் போட்டியைத் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் இப்போட்டி நடந்து வந்துள்ளது. பெரிய டிராக்டரின் கால் பங்கு அளவில் ஒரு டிராக்டரை மாணவர்களே வடிவமைத்து, பட்டறையில் கட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும்.

இதில் கவனிக்கத்தக்க விதி ஒன்று உண்டு. எல்லா அணிகளுக்கும் ஒரே வகை எஞ்சினும் ஒரே வகை டயர்களும் தரப்படும். பல ஆண்டுகள் 31 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின் தரப்பட்டது. சட்டம், கியர், பிரேக், ஸ்டீயரிங், இருக்கை ஆகிய மற்றவை அனைத்தையும் மாணவர்களே தீர்மானிக்க வேண்டும்.

போட்டிக்கு முன்பே வடிவமைப்பு அறிக்கையை எழுதி அனுப்ப வேண்டும். போட்டியன்று நடுவர்கள் டிராக்டரின் பாதுகாப்பு, ஓட்டுநரின் வசதி, இரைச்சல், பழுது பார்க்கும் எளிமை, தொழிற்சாலையில் உற்பத்தி செய்யும் எளிமை ஆகியவற்றை ஆராய்ந்து மதிப்பெண் இடுவர். மேடுபள்ளமான தடத்தில் ஓட்டி அதன் உறுதியையும் சோதிப்பர். இவற்றோடு இழுவைப் போட்டியும் உண்டு. இதில் பளுவேற்றிய ஒரு சறுக்கு வண்டியை டிராக்டர் இழுத்துச் செல்ல வேண்டும். வண்டி நகர நகர அதன்மேலுள்ள பளு முன்னோக்கி நகர்ந்து, தரையில் அழுந்தும் பாரம் கூடிக்கொண்டே போகும். முடிவில் டிராக்டர் நின்றுவிடும். அது வரை சென்ற தூரம் அளக்கப்படும்.

எஞ்சின் ஒன்று, டயர் ஒன்று. ஆயினும் ஒரு டிராக்டர் நெடுந்தூரம் இழுக்கிறது. மற்றொன்று பாதி வழியில் சக்கரம் சுற்றி நின்றுவிடுகிறது. ஏன்?

இழுப்பது சக்கரத்தின் பிடிப்பே

ஒரு குதிரைசக்தி என்பது 75 கிலோ இழுவிசையுடன் வினாடிக்கு 1 மீட்டர் நகரும் திறனாகும். 31 குதிரைசக்தியும் குறைவின்றிச் சக்கரத்தை அடைந்து, டிராக்டர் அதே வேகத்தில் சென்றால், கணக்குப்படி 2,325 கிலோ இழுவிசை கிடைக்க வேண்டும். ஆனால் பின் சக்கரங்களின் மேல் 500 கிலோ பாரமே இருந்தால், கெட்டியான நிலத்தில்கூட ஏறத்தாழ அதில் பாதியளவு, அதாவது 250 கிலோ அளவுக்கே இழுவிசை கிடைக்கும். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு முயன்றாலும் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது.

ஆகவே எஞ்சினின் சக்தியை இழுவையாக மாற்றுவது மண்ணில் சக்கரம் கொள்ளும் பிடிப்பே. எடையை எங்கே வைப்பது, எந்த உயரத்தில் கொக்கி மாட்டுவது, எந்தக் கியரில் ஓட்டுவது என்பதை முன்கூட்டியே சோதித்து அறிந்த அணிக்கே வெற்றி வாய்ப்பு அதிகம். தாளில் போட்ட கணக்கு வயலில் அப்படியே பலிப்பதில்லை. ஆதலால்தான் கட்டி முடித்தபின் ஓட்டுவது, குறை காண்பது, மாற்றுவது, மீண்டும் ஓட்டுவது என்று சோதனைகள் தொடர வேண்டியுள்ளன. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எடையையும் காற்றழுத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்று தெரியாது.

உங்கள் வயலில் சறுக்கல் சோதனை

இச்சோதனையை நீங்களும் செய்யலாம். சுண்ணாம்பும், அளவு நாடாவும், உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் போதும்.

1. பின் சக்கரத்தின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு குறியிடுக.

2. உழ வேண்டிய வயலில், கலப்பையைத் தூக்கிய நிலையில் டிராக்டரை ஓட்டுக. சக்கரம் 10 சுற்று சுற்றும்போது கடக்கும் தூரத்தை அளந்து கொள்க.

3. அதே கியரில், கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி உழுதவாறு 10 சுற்றுக்கான தூரத்தை மீண்டும் அளக்க. உதவியாள் டிராக்டருக்குப் பக்கவாட்டில் போதிய தொலைவு விலகி நடக்க வேண்டும்.

4. முதல் தூரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, முதல் தூரத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்குக. இதுவே சறுக்கல் சதவீதம்.

எடுத்துக்காட்டாக, கலப்பையின்றி 40 மீட்டரும் கலப்பையுடன் 35 மீட்டரும் சென்றால் சறுக்கல் 12.5 சதவீதம். புழுதி உழவுக்கு 8 முதல் 15 சதவீதம் வரை சரியான அளவாகும். 40 மீட்டருக்குப் பதில் 30 மீட்டரே சென்றால் சறுக்கல் 25 சதவீதம். அதாவது சக்கரம் சுற்றும் நான்கு சுற்றில் ஒரு சுற்று வீண். அந்தச் சுற்றுக்கு எரிந்த டீசலும் தேய்ந்த டயரும் நட்டமே. கூண்டுச் சக்கரம் பூட்டிச் செய்யும் சேற்றுழவுக்கு இந்த அளவு பொருந்தாது.

சறுக்கல் 15-க்கு மேற்பட்டால், முதலில் டயர் தேய்ந்துள்ளதா என்று பாருங்கள். கையேட்டில் வயல் வேலைக்கெனக் குறித்துள்ள காற்றழுத்தம் உள்ளதா என்று சோதியுங்கள். பிறகு கலப்பையின் ஆழத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். அதன் பின்னரே பின் சக்கரத்தில் எடை சேர்ப்பது அல்லது டயரில் தண்ணீர் நிரப்புவது பற்றி எண்ணலாம். தண்ணீர் டயரின் கொள்ளளவில் முக்கால் பங்குக்கு மேற்படக் கூடாது. சறுக்கல் 8-க்கும் குறைவாக இருந்தால் எடை மிகுதி என்று பொருள். அது மண்ணை இறுக்கும், டீசலையும் வீணாக்கும்.

கொக்கியின் உயரமும் உயிரும்

மாணவர் போட்டியில் கொக்கி மாட்டும் உயரத்துக்குக் கண்டிப்பான வரம்பு உண்டு. அதன் காரணத்தை ஒவ்வோர் உழவரும் அறிய வேண்டும்.

பளுவை இழுக்கும்போது முன் சக்கரத்திலுள்ள பாரத்தில் ஒரு பகுதி பின் சக்கரத்துக்கு மாறுகிறது. 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரில் முன் சக்கரங்களில் 600 கிலோ பாரம் இருப்பதாகவும், முன் பின் அச்சுகளுக்கிடையே 180 செ.மீ. இருப்பதாகவும் கொள்வோம். தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் கொக்கி மாட்டி 600 கிலோ விசையுடன் இழுத்தால் 150 கிலோ பின்னுக்கு மாறும். முன்பக்கம் 450 கிலோ மிஞ்சும். அதே விசையை 90 செ.மீ. உயரத்தில் மாட்டி இழுத்தால் 300 கிலோ மாறிவிடும். முன்பக்கம் மிஞ்சுவது 300 கிலோவே. ஸ்டீயரிங் சொன்னபடி கேட்க, மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 400 கிலோ, முன்பக்கம் இருக்க வேண்டும்.

மரக்கட்டையை இழுக்கவோ, சேற்றில் சிக்கிய வண்டியை மீட்கவோ டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ பின் அச்சிலோ சங்கிலி கட்டுவது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. இது உயிருக்கு உலை வைக்கும் செயல். அச்சுக்குக் கீழே கட்டினால், முன்பக்கம் எழும்பும்போது கொக்கி தாழ்ந்து, கவிழ்க்கும் விசை குறையும். அச்சிலோ அதற்கு மேலோ கட்டினால் இந்தக் காப்பு கிடைப்பதில்லை. பின் சக்கரம் மண்ணில் பிடித்து நிற்க, எஞ்சின் டிராக்டரையே பின்னோக்கிச் சுழற்றிவிடும். இது ஒன்றரை வினாடிக்குள் நடந்து முடியும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இராது. எனவே சங்கிலியைத் தாழ்வான இழுவைச் சட்டத்தில் மட்டுமே கட்டுக. கிளட்சை மெதுவாக விடுக. பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைக்காதீர்.

வாங்கும் முன்

நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலுள்ள மத்திய அரசின் நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. புதிய டிராக்டர் வாங்க எண்ணுவோர், குதிரைசக்தியை மட்டும் கேட்காமல், அவ்வறிக்கையில் இழுவைத் திறன் எவ்வளவு என்றும் கேட்டறிவது நல்லது.

அடுத்த உழவின்போது அரைமணி நேரம் ஒதுக்கிச் சறுக்கல் சோதனையைச் செய்து பாருங்கள். சங்கிலி கட்டும் இடத்தையும் ஒருமுறை கவனியுங்கள். முன்னது டீசலைக் காக்கும். பின்னது உயிரைக் காக்கும்.