பூந்தொட்டித் தட்டில் கொசுப் பண்ணை!

சிந்தாதிரிப்பேட்டை, 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டான பேட்டை. நெருக்கமான வீடுகள். கொல்லைப்புறத்துக்கு இடம் ஏது? துளசியும் ரோஜாவும் மொட்டை மாடித் தொட்டியில்தான்!

செடி வளர்ப்பது நல்லதுதான். ஆனால் தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டைப் பார்த்தீர்களா? அதில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை போடுகிறது. முட்டை கொசுவாக 8, 10 நாள் போதும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது! தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். மழை பெய்ததும் பொரிந்துவிடும். ஆகவே வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையேல் தட்டில் மணலை நிரப்புங்கள்.

கொசுப்புழு இருந்தால் மாநகராட்சி அபராதம் போடும். காய்ச்சல் வந்தால் அதைவிடப் பெரிய அபராதம்!