நான்கு உள்ளங்கை அளவு
கோடைக்கால டயர்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

குடும்பத்திற்கென்று ஒரு கார் வாங்கும்போது நாம் பலரிடமும் ஆலோசனை கேட்கிறோம். நிறத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுகிறோம். விலையைப் பற்றி உறவினரோடு பேசுகிறோம். வண்டி வீட்டுக்கு வந்ததும் பங்குத்தந்தையிடம் கொண்டுசென்று மந்திரித்துக்கொள்கிறோம். புனித கிறிஸ்தோபரின் உருவத்தையும் முன்னால் பொருத்தி வைக்கிறோம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே காருக்குப் புது டயர் வாங்கும் நாளில், "எது விலை குறைவு?" என்ற ஒரே கேள்வியோடு பலர் நின்றுவிடுகின்றனர்.

சிக்கனம் நல்ல பழக்கமே. ஆயினும் எந்தப் பொருளில் சிக்கனம் காட்டுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காரின் முழு எடையும், அதனுள் அமர்ந்திருக்கும் அத்தனை உயிர்களும் நிலத்தைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே இருக்கும். பிரேக் எவ்வளவு சிறந்ததாயினும், ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாயினும், வண்டியை நிறுத்துவது அந்த நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

ரப்பர் வந்த வழி

இயற்கை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும்; குளிரில் இறுகி வெடிக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, இந்தக் குறையை நீக்கும் முறையைக் கண்டார். அவர் தம் கண்டுபிடிப்பால் செல்வம் பெறவில்லை. 1860-இல் கடனாளியாகவே இறந்தார். காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்தின் ராபர்ட் தாம்சன் 1845-இல் காப்புரிமை பெற்றார். அது மக்களிடையே பரவவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரை மீண்டும் உருவாக்கினார். பிரான்சு நாட்டு மிஷ்லின் சகோதரர்கள் 1895-இல் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயருடன் காரை ஓட்டிக் காட்டினர். இன்று நம் கார்களில் உள்ள ரேடியல் டயருக்கு அதே நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்றது.

அக்டோபர் முதல் உயிர்ப்பு விழா வரை

நம் நாட்டில் "கோடைக்கால டயர்" என்று யாரும் தனியாகக் கேட்டு வாங்குவதில்லை. ஐரோப்பாவிலோ பல குடும்பங்கள் இரண்டு தொகுதி டயர்களை வைத்துள்ளன. ஒன்று பனிக்காலத்திற்கு, மற்றது கோடைக்கு. கோடை டயரின் ரப்பர் வெப்பத்தைத் தாங்குவதற்கேற்ற கலவையால் ஆனது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர் இறங்கும்போது அது இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயரோ குளிரிலும் மென்மையாக இருக்கும். ஆனால் கோடை வெயிலில் அளவுக்கு மீறி இளகி, விரைவில் தேய்வதுடன், வண்டி நிற்கும் தூரத்தையும் நீட்டிவிடும்.

எப்போது எதை மாட்டுவது? ஜெர்மனியில் இதற்கு மக்கள் வழங்கும் எளிய வாய்மொழி ஒன்று உண்டு: "அக்டோபர் முதல் உயிர்ப்பு விழா வரை" குளிர்கால டயர். உயிர்ப்பு விழா கழிந்ததும் கோடை டயரை மாட்டிக்கொள்வர். திருவழிபாட்டு நாள்காட்டி வாகனப் பணிமனை வரை வந்திருப்பதை எண்ணினால் நமக்கு மகிழ்ச்சியே.

நம் சமவெளிகளில் ஓடும் டயர்கள் பெரும்பாலும் வெப்பத்திற்கேற்ற ரப்பரால் ஆனவை. ஆகவே ஐரோப்பியர் கோடை டயரை ஒப்பிடும் முறையில் நமக்கும் பாடம் உண்டு. அங்கே வாழும் நம் உறவினருக்கோ அது நேரடித் தேவை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மனியின் கெவலார் அன்னை திருத்தலத்தில் தமிழர் திருப்பயணம் நடைபெறுகின்றது. பல நகரங்களிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வருகின்றன. கடும் கோடையில், வண்டி நிறைய ஆட்களோடும் பைகளோடும் செய்யும் நீண்ட பயணம், டயருக்குப் பெரும் சோதனையாகும்.

டயர்கள் எழுதும் தேர்வு

1903-இல் தொடங்கப்பட்ட ஏ.டி.ஏ.சி. என்னும் ஜெர்மன் வாகன ஓட்டுநர் சங்கம் ஆண்டுதோறும் கோடை டயர்களை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிடுகின்றது. வழியில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவ வரும் இச்சங்கத்தின் பணியாளரை மக்கள் "மஞ்சள் தேவதூதர்" என்றே அழைக்கின்றனர். சோதனைக்கான டயர்களைச் சங்கத்தார் கடைகளிலேயே வாங்குகின்றனர். பின்பு உலர்ந்த சாலையிலும் நனைந்த சாலையிலும் ஓட்டி, பிரேக் போட்டு, வளைவில் திருப்பிப் பார்க்கின்றனர். தேய்மானத்தை அறியக் கார்களை அணியாகப் பொதுச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டுகின்றனர். எரிபொருள் செலவையும் இரைச்சலையும் அளக்கின்றனர்.

பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் டயர்களுக்கும் மதிப்பெண் உண்டு. 2023 முதல் மொத்த மதிப்பில் 70 விழுக்காடு பாதுகாப்புக்கும், 30 விழுக்காடு சுற்றுச்சூழலுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு முக்கியப் பாடத்தில் தவறிய டயர், மற்றப் பாடங்களில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டித் தப்பிவிட முடியாது. அதன் மொத்தத் தரமும் இறக்கப்படும். கணக்கில் தோற்ற மாணவன் ஓவியத்தில் நூறு வாங்கினாலும் வகுப்பேற முடியாததைப் போன்றது இது.

மூன்று குணங்களின் இழுபறி

எல்லாவற்றிலும் முதலிடம் பெறும் டயர் உண்டா? உண்டாக்குவது மிகக் கடினம். டயரிடம் நாம் மூன்று குணங்களை எதிர்பார்க்கிறோம். நனைந்த சாலையில் நன்றாகப் பிடிக்க வேண்டும். நெடுநாள் தேயாமல் உழைக்க வேண்டும். எளிதாக உருண்டு எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும். ஆனால் மழையில் வழுக்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். 1990-களில் டயர்க் கலவையில் கரிப்பொடிக்குப் பதிலாகச் சிலிக்கா என்னும் பொருளைப் பெருமளவில் சேர்க்கத் தொடங்கிய பின் இந்த இழுபறி ஓரளவு தணிந்தது; முற்றிலும் தீரவில்லை.

ஆகவே, "எது சிறந்த டயர்?" என்று கேட்பதைவிட, "எந்தக் குணத்தை எக்காரணத்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது?" என்று கேட்பதே அறிவுடைமை. குடும்பத்தை ஏற்றிச் செல்பவருக்கு விடை ஒன்றுதான்: நனைந்த சாலையில் நிற்கும் ஆற்றல்.

பத்து மீட்டர் தரும் பாடம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு கார்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மழையில் அருகருகே செல்கின்றன எனக் கொள்வோம். எதிரே ஒரு குழந்தை ஓடி வருகிறது. இரு ஓட்டுநரும் ஒரே நொடியில் பிரேக்கை அழுத்துகின்றனர். நல்ல டயருள்ள கார் 30 மீட்டரில் நின்றுவிடுகிறது. மற்றொன்று நிற்பதற்கு 40 மீட்டர் ஆகிறது.

பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் அசைவற்று நிற்கும் அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டர்! தொடக்க வேகத்தில் சரிபாதி அப்படியே எஞ்சியிருக்கிறது. ஒருவர் நெஞ்சம் படபடக்கக் கடவுளுக்கு நன்றி சொல்லும் இடத்தில், மற்றவர் வாழ்நாள் முழுவதும் மறக்க இயலாத செயலுக்கு ஆளாகிறார்.

இதே கணக்கில் வேகத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்தால், நிற்கும் தூரங்கள் நான்கில் ஒரு பங்காகிவிடும். முதல் கார் ஏழரை மீட்டரிலும், இரண்டாவது 10 மீட்டரிலும் நிற்கும். ஆகவே நல்ல டயர் வாங்கியவருக்கும் வேகத்தில் நிதானம் வேண்டும். நல்ல டயர் வாங்க இயலாதவருக்கு அது இன்னும் மிகுதியாக வேண்டும்.

இனி விலையைப் பார்ப்போம். நான்கு நல்ல டயர்கள் மற்றவற்றைவிட 6,000 ரூபாய் கூடுதல் என்றும், அவை 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்குப் பதினைந்து காசுதான் வேறுபாடு. விலை உயர்ந்தது எப்போதும் நல்லது என்பதும் இல்லை. நடுத்தர விலையுள்ள டயர்களும் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுவதுண்டு. ஆகவே பெயரையும் விலையையும் மட்டும் பாராமல் சோதனை முடிவுகளைப் படிப்பது பயன் தரும்.

ஒட்டுச்சீட்டு சொல்வதும் சொல்லாததும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் புது டயர்களுக்குத் தரச்சீட்டு உண்டு. 2021 மே மாதத்தில் திருத்திய சீட்டு நடைமுறைக்கு வந்தது. எரிபொருள் சிக்கனத்திற்கும், ஈரப் பிடிப்புக்கும் "ஏ" முதல் "இ" வரை தரம் குறிக்கப்படுகிறது. வெளியே கேட்கும் இரைச்சலின் அளவும் அதில் உண்டு. இந்தியாவிலும் இம்மூன்றிற்கும் குறைந்த அளவுத் தரத்தைக் கட்டாயமாக்கும் விதிகளை 2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது.

ஆயினும் ஐரோப்பியச் சீட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. டயர் எத்தனை நாள் உழைக்கும், உலர்ந்த சாலையில் எப்படி நிற்கும், தேங்கிய நீரின்மேல் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பவை அதில் இல்லை. சீட்டில் உள்ள தரங்களையும் தயாரிப்பாளரே அளந்து அறிவிக்கின்றனர். இதனாலேயே நடுநிலையாளர் செய்யும் ஒப்பீட்டுச் சோதனைகள் தேவைப்படுகின்றன.

தேய்மானம் பணப்பையை மட்டும் சார்ந்ததன்று. தேயும் ரப்பர் நுண்துகளாக மண்ணிலும் நீரிலும் கலக்கின்றது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற "யூரோ 7" சட்டம், டயர் உதிர்க்கும் துகள்களுக்கும் வரம்பு விதிக்க வழி செய்துள்ளது. நம் பொது இல்லமாகிய பூமியைப் பேணுமாறு 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் விடுத்த அழைப்பை இங்கே நினைவுகூர்வது பொருந்தும்.

வீட்டில் செய்யத் தக்கவை

1. டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படித்தறிக. "205/55 ஆர் 16 91 வி" என்றிருந்தால், 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 16 என்பது சக்கரத்தின் அங்குல அளவு. 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதன் குறி. "வி" என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதன் குறி. கார் தயாரிப்பாளர் குறித்துள்ளதைவிடக் குறைந்த சுமைக் குறியுள்ள டயரை வாங்குதல் ஆகாது.

2. வயதைப் பார்க்க. நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. "2324" என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதிரும். பத்து ஆண்டு கடந்த டயரில் பயணம் செய்யலாகாது.

3. பணிமனைகளில் "பட்டன்" என்று சொல்லும் வரிப்பள்ளங்களின் ஆழத்தைப் பார்க்க. புது டயரில் அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை இடம் தருகிறது. ஆனால் கோடை டயரை 2.5 மில்லிமீட்டரிலேயே மாற்றுமாறு ஏ.டி.ஏ.சி. அறிவுறுத்துகின்றது. மழைநீரை ஒதுக்கித் தள்ளுபவை அப்பள்ளங்களே. மொட்டை டயர் நீரின்மேல் மிதக்கும்; அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன் தரா.

4. டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபார்க்க. நிறைந்த சுமைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது காரின் கதவோரத்திலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது வளைந்து வளைந்து சூடேறும். கோடையில் வெடிக்கும் டயர்கள் பலவற்றிற்கு இதுவே காரணம். வழியில் டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறியிருப்பதைக் கண்டு காற்றை இறக்கிவிடுதல் தவறு.

5. இரண்டு டயர் மட்டுமே மாற்ற இயலுமானால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டுக. பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதை அடக்குதல் எளிதன்று.

ஐந்தாம் கட்டளையும் டயரும்

இவையெல்லாம் பணிமனைக்காரர் பேச வேண்டியவை. நம் குடும்ப இதழில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். திருச்சபை அப்படிக் கருதவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏட்டின் 30-ஆம் பிரிவில், வேக வரம்பு போன்ற சட்டங்களைப் பொருட்படுத்தாதவர்கள் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் இடர் விளைவிக்கின்றனர் எனச் சுட்டிக்காட்டியது. 2007-இல் திருப்பீடம் வெளியிட்ட சாலைப் பணிக்கான மேய்ப்புநெறி ஏட்டில் ஓட்டுநர்க்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, கொலை செய்யாதே என்பது.

நாம் மறைக்கல்வியில் ஐந்தாவதாகக் கற்ற அந்தக் கட்டளை, கையில் ஆயுதம் எடுப்பவனுக்கு மட்டும் உரியதன்று. தேய்ந்த டயரோடு, "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று மழையில் புறப்படுபவனுக்கும் உரியது. தன் வண்டிக்குள் இருப்போரைக் காப்பது அன்பு. முன்பின் அறியாத வழிப்போக்கனையும் காப்பது பிறரன்பு. நல்ல சமாரியன் வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்கு உதவினான். நாம் வழியில் எவரையும் காயப்படுத்தாமல் செல்வதும் அப்பிறரன்பைச் சேர்ந்ததே.

ஆகவே, அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தலைவியரே! திருத்தலப் பயணத்திற்குப் புறப்படுமுன் செபமாலையை எடுத்து வைக்கும் வேளையிலேயே, நான்கு டயர்களையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துக் காட்டுங்கள். இறைவனின் பாதுகாவலை மன்றாடுவோம். அவர் நம் கையில் ஒப்படைத்த பொறுப்பையும் நிறைவேற்றுவோம்.