கோழியின் பாதத்தில் புண்ணா?



கொல்லைப்புறத்தில் நான்கைந்து நாட்டுக்கோழிகள் வளர்ப்பது நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாகும். அவற்றுள் ஒன்று பிள்ளைகளின் செல்லமாகிவிடுவதும் இயல்பே. பெயர் சொல்லி அழைத்தால் ஓடிவரும் அக்கோழி, ஒருநாள் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டத் தொடங்கும். "முற்றுவதற்குள் அறுத்துவிடுங்கள்" என்பார் பெரியவர். பிள்ளைகளோ கண்ணீர் வடிப்பர். அவசரம் வேண்டாம். முதலில் அதன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நோயை அறிதல்

உள்ளங்காலில் வீக்கமும் சூடும், நடுவே கருமையான பொருக்கும் இருப்பின் அது பாதப்புண் நோயாகும். ஆங்கிலத்தில் 'பம்பிள்ஃபுட்' என்பர். முள், கம்பிமுனை, கண்ணாடித்துண்டு ஆகியவற்றால் உண்டாகும் கீறல் வழியாகக் கிருமிகள் உட்புகுகின்றன. அவற்றுள் 'ஸ்டஃபிலோகாக்கஸ்' என்பதே பெரும்பாலும் காணப்படுவது. உயரத்திலிருந்து குதித்தல், சொரசொரப்பான கட்டையில் அடைதல், ஈரத்தரையில் நிற்றல் ஆகியனவும் இதற்கு வழிகோலும். உடல் கனத்த பெருவிடைக் கோழிகளை இது எளிதில் பற்றும்.

நொண்டுதல் யாவும் இந்நோயன்று. விரலில் நூலோ தலைமுடியோ இறுகச் சுற்றியிருக்கலாம். காலின் செதில்கள் மேலெழும்பித் தடித்திருந்தால் அது செதிலுக்கடியில் வாழும் நுண்ணுண்ணிகளின் வேலை. ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக நீட்டிக் கிடந்தால் அது மாரெக் நோயாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் பயன் தராது.

செய்ய வேண்டியவை

கையுறை அணிந்துகொள்ளுங்கள். கோழியை ஒரு துணியில் சுற்றி, சிறகுகள் அடிக்காதவாறு ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பாதத்தைச் சோப்பு நீரால் கழுவிய பின், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, அதில் 10 முதல் 15 நிமிடங்கள் ஊற வையுங்கள். அந்நீரைக் கோழி குடிக்கலாகாது. அது பேதியை உண்டாக்கும்.

பொருக்கு இளகித் தானாகக் கழன்று வருமாயின் மெல்ல அகற்றலாம். ஆனால், பிளேடு கொண்டு கீறுவதும், பிதுக்குவதும் கூடா. நம் புண்ணின் சீழ் நீராக வழியும்; கோழியின் சீழோ பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். ஆதலின் பிதுக்கினால் வெளிவராது. கிருமி உள்ளே பரவுவதற்கே அது உதவும்.

பின்னர் பாதத்தை ஒற்றித் துடைத்து, பொவிடோன் அயோடின் மருந்தைத் தடவி, சல்லாத்துணியால் கட்டுங்கள். விரல்கள் வீங்குமாறு இறுக்கிவிடாதீர்கள். கட்டை நாள்தோறும் மாற்றுக. உலர்ந்த வைக்கோல் பரப்பிய இடத்தில் கோழியைத் தனியே விடுங்கள். குணமாக 2, 3 வாரங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

மஞ்சளைக் குழைத்துப் பூசுவது நம்மவர் வழக்கம். ஆனால் தோலுக்கடியில் இறுகிய சீழை அது எட்டாது.

மருத்துவரிடம் செல்க

வீக்கம் பெரிதாயினும், கணுக்கால்வரை ஏறினும், விரல்களுக்கிடையே பரவினும், கோழி தீனியை மறுப்பினும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். காலம் தாழ்த்தினால் கிருமி எலும்பையும் மூட்டையும் பற்றும். பின்னர் காலையோ உயிரையோ காப்பது அரிது. நமக்கென வாங்கிய மாத்திரைகளை நீங்களாகவே கொடுக்க வேண்டாம். மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள்வரை முட்டையை உண்ணலாகாது, எத்தனை நாள்வரை அறுக்கலாகாது என்பதையும் கேட்டறியுங்கள்.

இக்கிருமி மனிதரின் புண்களிலும் தொற்றக்கூடியது. ஆகவே பிள்ளைகள் கட்டை அவிழ்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். பழைய கட்டுத்துணியை எரித்துவிடுங்கள்.

வருமுன் காத்தல்

கோழி அடையும் கட்டை ஏறத்தாழ 2 அங்குல அகலமும், வழவழப்பும் உடையதாக, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். கூட்டில் ஈரமான உமியை அவ்வப்போது மாற்றுங்கள். வைட்டமின் 'ஏ' குறைந்தால் பாதத்தோல் வலுவிழக்கும். முருங்கைக்கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் அக்குறையைப் போக்கும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கோழியின் பாதத்தையும் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். வாயில்லா உயிர் தன் வலியைச் சொல்லாது. வளர்ப்பவரே தேடிக் காண வேண்டும் என்பதை அவர்கள் இளமையிலேயே கற்றுக்கொள்வர்.